டிரெய்லர் முட்டு ஜாக்கியின் கைப்பிடியைப் பழுது பார்த்தல்

மாட்டு வண்டியிலிருந்து காளைகளை அவிழ்த்துவிட்டால், ஏர்க்கால் தரையில் சாயாதிருக்கும் பொருட்டு அதன் கீழ் ஒரு முட்டுக்கட்டையைக் கொடுத்து நிறுத்துவது நம் நாட்டில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். அக்கட்டையில் பழுதாவதற்கு ஒன்றுமில்லை. முறிந்தால் வேறொன்றை வெட்டிக் கொண்டால் போதும். டிராக்டரின் பின்னே இழுத்துச் செல்லப்படும் இரண்டு சக்கர டிரெய்லர்கள் பலவற்றில், அக்கட்டையின் வேலையைச் செய்வதற்கென்று ஓர் இரும்புச் சாதனம் முன்தண்டின் ஓரத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது. கைப்பிடியை ஒரு புறமாகச் சுழற்றினால் அதன் கால் இறங்கித் தரையில் ஊன்றிக் கொள்ளும். மறுபுறமாகச் சுழற்றினால் கால் மேலே ஏறிவிடும். இக்கட்டுரையில் இது முட்டு ஜாக்கி என்று குறிக்கப்படும்.

இது டிரெய்லரின் விலையோடு ஒப்பிட மிகச் சிறிய உறுப்பேயாகும். ஆயினும் அறுவடைக் காலத்தில் இதன் கைப்பிடி வெறுமனே சுழன்று, கால் அசையாமல் நின்றுவிடின், டிரெய்லரை டிராக்டரோடு பூட்டவும் முடியாது, பூட்டியதைக் கழற்றவும் முடியாது. மேகம் திரண்டு நிற்கும் வேளையில் களத்தில் குவித்த நெல் நனையும். வெட்டிய கரும்பு வயலிலேயே கிடந்து எடையும் சர்க்கரைச் சத்தும் குறையும். இவற்றையெல்லாம் விடப் பெரிய நஷ்டம் ஒன்றுண்டு. பாரமேற்றிய டிரெய்லரின் முன்பாகம் ஜாக்கியிலிருந்து நழுவி விழுமானால், கீழே இருந்த கையோ காலோ நசுங்கிப் போகும். அவ்விபத்து நேர்வதற்கு ஒரு கணம் போதும். அதன் பலனை ஆயுள் முழுதும் அநுபவிக்க வேண்டும். ஆகையால் இச்சிறு சாதனத்தின் அமைப்பையும், அது கெடும் விதத்தையும், பழுது பார்க்கும் முறையையும் டிரெய்லர் வைத்திருப்போர் யாவரும் அறிந்திருத்தல் அவசியம்.

பெரும்பாலும் நடப்பது யாதெனில், கைப்பிடியைத் தண்டோடு பிணைக்கும் சிறு முளை முறிகிறது. குடியானவர் அவ்விடத்தில் ஓர் ஆணியைச் செருகுகிறார். அது மறுநாளே முறிகிறது. பிறகு கெட்டியான போல்ட்டு ஒன்றைத் தேடிப் பூட்டுகிறார். போல்ட்டு முறிவதில்லை, அதற்குப் பதிலாக உள்ளிருக்கும் பற்சக்கரத்தின் பற்கள் உடைகின்றன. முடிவில் கைப்பிடியையே தண்டோடு பற்றவைத்து விடுகிறார். அதன் பின்னர் அந்த ஜாக்கியைப் பிரித்துப் பார்ப்பதற்கே வழியில்லாமற் போகிறது. முறிந்த முளை நோயன்று, நோயின் குறியேயாகும். கைப்பிடி கனத்ததன் காரணத்தை நீக்காமல் முளையை மட்டும் மாற்றுவது, சுரத்தின் காரணத்தைத் தேடாமல் நெற்றியில் ஈரத்துணி போடுவது போன்றதாகும்.

உறுப்புகளும் அவற்றின் தொழிலும்

பக்கவாட்டுக் கைப்பிடியுள்ள முட்டு ஜாக்கியே மிகுதியாக வழங்குகிறது. அதன் உறுப்புகளாவன:

1. வளைந்த இரும்புக் கம்பியாலான கைப்பிடி.

2. கைப்பிடி சேரும் குறுக்குத் தண்டு. இரண்டையும் ஒரு முளையோ சிறு போல்ட்டோ ஊடுருவிப் பிணைக்கிறது.

3. ஜாக்கியின் தலைப்பாகத்தில், ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பொருந்தும் இரண்டு சாய்வுப் பற்சக்கரங்கள். ஒன்று குறுக்குத் தண்டிலும், மற்றொன்று திருகுதண்டின் உச்சியிலும் தனித்தனி முளைகளால் இறுக்கப்பட்டிருக்கும்.

4. திருகுதண்டு. இதன் உடல் முழுதும் மரை வெட்டப்பட்டிருக்கும்.

5. திருகுதண்டின் தோளிடத்தே பாரத்தை ஏற்கும் பேரிங்கு. சில ஜாக்கிகளில் இதற்குப் பதிலாக வட்டத் தகடு மட்டும் இருக்கும்.

6. உட்குழாயின் மேல்முனையில் பற்றவைக்கப்பட்ட நட்டு. திருகுதண்டு இதனுள்ளே சுழலுகிறது.

7. வெளிக்குழாய், அதனுள் ஏறி இறங்கும் உட்குழாய், உட்குழாயின் அடியிலுள்ள பாதத் தகடு.

கைப்பிடி சுழலும்போது குறுக்குத் தண்டு சுழல்கிறது. பற்சக்கரங்கள் அச்சுழற்சியைத் திருகுதண்டுக்குத் திருப்பிக் கொடுக்கின்றன. திருகுதண்டு இருந்த இடத்திலேயே சுழல, நட்டும் அதனோடு உட்குழாயும் கீழே இறங்குகின்றன. கைப்பிடி உச்சியிலேயே அமைந்த ஜாக்கிகளில் பற்சக்கரங்கள் இல்லை. மற்றவை யாவும் இவ்வாறே.

கைப்பிடி கனப்பதன் காரணம்

ஒரு கணக்கினால் இதனைத் தெளிவாக அறியலாம். கைப்பிடியின் நீளம் 20 சென்டிமீட்டர் என்று கொள்வோமாயின், ஒரு முழுச்சுற்றில் கை கடக்கும் தூரம் ஏறக்குறைய 126 சென்டிமீட்டர். இரண்டு பற்சக்கரங்களும் சம அளவுடையனவாய், மரையின் இடைவெளி 5 மில்லிமீட்டராய் இருப்பின், அவ்வொரு சுற்றில் பாரம் அரை சென்டிமீட்டர்தான் உயரும். அதாவது கை 252 பங்கு தூரம் நகர, பாரம் ஒரு பங்கு தூரம் நகர்கிறது. உராய்வே இல்லையென்றால், கையின் பலம் 252 மடங்காகப் பெருகும்.

ஆனால் மரையிலும் பற்களிலும் உராய்வு உண்டு. நன்றாகக் கிரீஸ் இட்ட ஜாக்கியில் நான்கில் ஒரு பங்கு பலமே பாரத்திற்குப் போய்ச் சேருகிறது என்று வைத்துக் கொண்டால், பெருக்கம் 63 மடங்காகும். முன்தண்டில் 500 கிலோ இறங்கினால், கைப்பிடியில் சுமார் 8 கிலோ பலம் போதும். ஒரு சிறுவனும் சுழற்றிவிடக் கூடிய அளவே இது.

அதே ஜாக்கியில் கிரீஸ் வற்றி, துரு ஏறி, மண்ணும் உமியும் மரையில் அடைந்து, எட்டில் ஒரு பங்கு பலம் மட்டும் பாரத்திற்குச் சேருமானால், 16 கிலோ பலம் வேண்டும். உட்குழாய் சற்று வளைந்திருப்பின் இது இன்னும் மிகும். சுழற்றுகிறவர் களைத்துப் போய்க் கைப்பிடியின்மேல் ஒரு குழாயைச் செருகி, அதன் நீளத்தை 60 சென்டிமீட்டர் ஆக்கி, 25 கிலோ பலத்தோடு அழுத்துகிறார் என்று கொள்வோம். குறுக்குத் தண்டின் கனம் 20 மில்லிமீட்டர் என்றால், அதன் நடுவிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் முளையின் இரு முகங்களிலுமாகச் சேர்ந்து 1,500 கிலோ தாக்குகிறது. சீராக இயங்கும் ஜாக்கியில் 8 கிலோவுக்கு அங்கே தாக்குவது 160 கிலோவே. ஒன்பது மடங்குக்கு மேற்பட்ட இத்தாக்குதலை ஒரு மெல்லிய முளை பலமுறை தாங்குமென்று எதிர்பார்ப்பது தகாது.

உராய்வினால் ஒரு நன்மையும் உண்டு. செலுத்தும் பலத்தில் பாதிக்கு மேல் உராய்வில் கழிவதனால்தான், கையை எடுத்த பின்பும் பாரம் திருகுதண்டைத் தானே எதிர்ப்புறமாகச் சுழற்றிக் கீழே இறங்குவதில்லை. ஆயினும் இக்காப்பு நட்டின் மரை நன்றாக உள்ளவரையில்தான். மரை தேய்ந்து அறுந்துவிட்டால், பாரத்தைத் தடுத்து நிறுத்தக் கூடியது வேறொன்றுமில்லை.

வேலை தொடங்கு முன் செய்ய வேண்டியவை

ஜாக்கியின்மேல் பாரம் நிற்கும்போது அதில் எவ்வித வேலையும் செய்தல் கூடாது. இவ்விதிக்கு விலக்கே இல்லை.

முதலாவது, டிரெய்லரிலுள்ள சரக்கை இறக்கிவிட வேண்டும். சரக்கை இறக்கும் வரிசையிலும் கவனம் தேவை. முன்பாகத்துச் சரக்கை முழுதும் இறக்கிப் பின்பாகத்தில் மட்டும் மூட்டைகளை விட்டு வைத்தால், பூட்டப்படாத டிரெய்லரின் முன்தண்டு திடீரென்று மேலே எழும்பும். அருகில் நிற்பவரின் முகத்திலும் தாடையிலும் அது தாக்கக் கூடும்.

இரண்டாவது, கெட்டியான சமதரையில் டிரெய்லரை நிறுத்தி, இரு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, இயலுமாயின் டிரெய்லரை டிராக்டரோடு பூட்டியபடியே வைத்து, டிராக்டரின் எஞ்சினை நிறுத்தி, பிரேக்கை இறுக்கிச் சாவியை எடுத்துவிட வேண்டும். அப்பொழுது முன்பாகத்தின் பாரத்தை டிராக்டரின் கொக்கியே ஏற்றுக் கொள்ளும்.

நான்காவது, ஜாக்கி இறங்கிய நிலையிலேயே இறுகிப் போய், டிராக்டரைப் பூட்டவும் முடியாதிருந்தால், வேறொரு எண்ணெய் ஜாக்கியினால் முன்தண்டைச் சிறிது உயர்த்தி, அதன் கீழ் கனமான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, பாரத்தை அக்கட்டைகளின்மேல் இறக்க வேண்டும். செங்கல்லையும் துளையுள்ள சிமெண்டுக் கல்லையும் இதற்கு உபயோகித்தல் கூடாது. அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கிவிடும். எண்ணெய் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை நுழைப்பதும் தவறு.

பழுது எங்கே என்று கண்டறிதல்

பாரம் முழுதும் நீங்கிய பிறகு, ஜாக்கியின் தலைமூடியைக் கழற்றிவிட்டு, சுண்ணாம்புக் கட்டியினால் கைப்பிடி, குறுக்குத் தண்டின் முனை, திருகுதண்டின் உச்சி ஆகிய மூன்றிடங்களில் நேர்க்கோடு இட வேண்டும். உட்குழாய் வெளிவரும் இடத்திலும் ஒரு கோடு இட வேண்டும். பின்னர்க் கைப்பிடியை மெல்லச் சுழற்றிப் பார்த்தால், சுழற்சி எவ்விடத்தில் நின்றுபோகிறதோ அதற்கு முந்திய பிணைப்பிலேயே பழுது உள்ளது என்று நிச்சயிக்கலாம்.

கைப்பிடி சுழன்று, குறுக்குத் தண்டு சுழலாவிட்டால், கைப்பிடியின் முளை முறிந்திருக்கிறது, அல்லது அதன் துளை நீண்டு போயிருக்கிறது.

குறுக்குத் தண்டு சுழன்று, திருகுதண்டு சுழலாவிட்டால், பற்சக்கரத்தின் முளை முறிந்திருக்கிறது, அல்லது பற்கள் தேய்ந்து ஒன்றையொன்று தாண்டுகின்றன. பற்கள் தாண்டும்போது ‘கடக் கடக்’ என்ற ஓசை கேட்கும்.

திருகுதண்டு சுழன்று, உட்குழாய் ஏறாமலும் இறங்காமலும் இருந்தால், நட்டின் மரை அறுந்திருக்கிறது, அல்லது நட்டு உட்குழாயிலிருந்து பற்றுவிட்டிருக்கிறது. கோளாறுகள் எல்லாவற்றிலும் இதுவே அபாயகரமானது. இந்நிலையிலுள்ள ஜாக்கியை உடனே கழற்றி ஒதுக்கிவிட வேண்டும்.

எல்லாம் சுழன்றும் கைப்பிடி மிகக் கனமாயிருந்தால், துரு, வற்றிய கிரீஸ், உடைந்த பேரிங்கு, வளைந்த குழாய் ஆகிய நான்கில் ஒன்று காரணமாகும். சுற்றின் ஒரே இடத்தில் மட்டும் கனத்தால் திருகுதண்டு வளைந்திருக்கலாம். காலின் உயரத்தில் ஒரே இடத்தில் மட்டும் கனத்தால் குழாய் வளைந்தோ நசுங்கியோ இருக்கும்.

நட்டின் தேய்மானத்தை அளப்பதற்கு எளிய முறையொன்றுண்டு. முதலில் கைப்பிடியைச் சரியாகப் பத்துச் சுற்றுச் சுழற்றி, கால் நகர்ந்த தூரத்தை அளந்து பத்தால் வகுக்க வேண்டும். சமமான பற்சக்கரங்கள் உள்ள ஜாக்கியிலும் பற்சக்கரமில்லாத ஜாக்கியிலும் இதுவே ஒற்றை மரையின் இடைவெளி. பிறகு பாதத் தகட்டைக் கையால் மேலும் கீழும் அசைத்து, எவ்வளவு ஆட்டம் இருக்கிறதென்று அளக்க வேண்டும். ஆட்டம் மரை இடைவெளியில் நான்கில் ஒரு பங்கை எட்டினால், அதாவது 5 மில்லிமீட்டர் மரைக்கு ஒன்றேகால் மில்லிமீட்டர் ஆனால், அந்த நட்டை இனி நம்பலாகாது. பேரிங்கின் ஆட்டமும் இவ்வளவில் சேர்ந்திருக்கக் கூடுமாதலால், திருகுதண்டின் உச்சி மேலும் கீழும் அசைகிறதா என்பதையும் உடன் பார்த்துக் கொள்ள வேண்டும்.

பழுது பார்க்கும் விதம்

கைப்பிடி முளை: முறிந்த துண்டுகளை, துளையைவிடச் சிறிது மெல்லிய எஃகுக் கம்பியை வைத்துச் சுத்தியலால் தட்டி வெளியேற்ற வேண்டும். துருவினால் இறுகியிருந்தால் துரு நீக்கும் எண்ணெயைச் சில துளிகள் விட்டு, ஓரிரவு வைத்திருந்து மறுநாள் தட்டுவது நலம். வெளியேற்றுகையில் குறுக்குத் தண்டின் அடியில் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுக்க வேண்டும். இல்லாவிடில் அடியின் வேகம் பற்சக்கரத்தைத் தாக்கும். பழைய முளையின் கனத்தையும் நீளத்தையும் அளந்து, அதே அளவிலும் அதே வகையிலும் புதியதை வாங்கிப் போட வேண்டும். சுருள் முளை இருந்த இடத்தில் சுருள் முளையும், போல்ட்டு இருந்த இடத்தில் தலையில் அதே எண் பொறித்த போல்ட்டும் உபயோகிக்க வேண்டும். 4.6 என்ற எண்ணுள்ள போல்ட்டுக்குப் பதில் 8.8 என்ற எண்ணுள்ளதைப் போடுவது பலம் என்று தோன்றலாம். ஆனால் முறிய வேண்டிய இடம் அதனால் முளையிலிருந்து பற்சக்கரத்திற்கு மாறுகிறது. முளையின் விலை சொற்பம்; பற்சக்கரத்தின் விலையும் அதைத் தேடி அலையும் நாட்களின் நஷ்டமும் சொற்பமல்ல.

துளை நீண்டு போயிருந்தால்: நீண்ட துளையில் புது முளை இட்டால், அது ஆடி ஆடி விரைவில் முறியும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. துளையை அடுத்த பெரிய அளவுக்குத் துளைத்து, அதற்கேற்ற முளையை இடலாம். ஆனால் முளையின் கனம் தண்டின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கை மிஞ்சலாகாது. மிஞ்சினால் தண்டே பலவீனமாகும். அல்லது பழைய துளையிலிருந்து சிறிது தள்ளி, அதற்குச் செங்குத்தாகப் புதிய துளை ஒன்றைத் துளைத்துக் கொள்ளலாம். கைப்பிடியையும் தண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரே முறையில் துளைத்தால்தான் துளைகள் நேராக அமையும்.

கைப்பிடி வளைந்திருந்தால்: கொல்லுப் பட்டறையில் கைப்பிடியை மட்டும் தனியே கழற்றிக் கொடுத்து, செந்நிறம் வரக் காய்ச்சி நிமிர்த்தலாம். ஜாக்கியிலே பூட்டியபடி சுத்தியலால் அடித்து நிமிர்த்துவது குறுக்குத் தண்டின் தாங்குதுளைகளைக் கெடுத்துவிடும். கைப்பிடி விரிசல் கண்டிருந்தால் புதியதே வாங்க வேண்டும்.

பற்சக்கரங்கள்: ஒன்று தேய்ந்திருந்தாலும் இரண்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். புதிய பல்லும் தேய்ந்த பல்லும் ஒன்றுக்கொன்று பொருந்தா. இவற்றைக் கழற்றும்போது இடையிலுள்ள தகடுகள் எந்த வரிசையில் இருந்தனவோ, அதே வரிசையில் ஒரு சுத்தமான துணியின்மேல் பரப்பி வைத்தால், திரும்பப் பூட்டுவதில் தவறு நேராது.

திருகுதண்டும் நட்டும்: உட்குழாயைக் கழற்றி, மரையைக் கம்பித் தூரிகையாலும் மண்ணெண்ணெயாலும் சுத்தம் செய்து, துணியால் துடைத்து உலர்த்த வேண்டும். மண்ணெண்ணெய் உபயோகிக்கும் இடத்தில் பீடி, அடுப்பு முதலியவை இருத்தல் கூடாது. மரையின் முகடுகள் கத்திமுனை போல் மெலிந்திருந்தால் திருகுதண்டும் தேய்ந்ததென்று அறிந்து, நட்டோடு சேர்த்து மாற்ற வேண்டும். பேரிங்கில் உடைந்த குண்டுகள் இருப்பின் புதிய பேரிங்கே தேவை.

நட்டின் பற்று விட்டிருந்தால்: இதனைத் தேர்ந்த தொழிலாளி ஒருவரிடமே கொடுத்துப் பற்றவைக்க வேண்டும். நட்டு குழாயின் நடுவில் நேராக அமையாவிட்டால், திருகுதண்டு ஒரு புறமாக உராய்ந்து மீண்டும் இறுகும். ஜாக்கியின்மேல் வெள்ளை நாகப் பூச்சு இருந்தால், பற்றவைக்கும் இடத்தில் அதை முன்னதாகவே அரைத்து நீக்கிவிட வேண்டும். நாகப் பூச்சு எரியும் புகையைச் சுவாசித்தால் குளிரும் சுரமும் உண்டாகும். வேலையைக் காற்றோட்டமான வெளியிடத்திலே செய்விக்க வேண்டும்.

கைப்பிடியைத் தண்டோடு பற்றவைப்பது மட்டும் எக்காரணம் கொண்டும் கூடாது. அதனால் ஜாக்கியைப் பிரிக்க இயலாமற் போவதோடு, பிற உறுப்புகளைக் காக்கும் பொருட்டு முதலில் முறிய வேண்டிய இடமும் இல்லாமற் போகிறது.

திரும்பப் பூட்டியபின் சோதித்தல்

சுத்தம் செய்த மரையிலும் பற்களிலும் பேரிங்கிலும் லிதியம் கிரீஸைத் தடவி, யாவற்றையும் கழற்றிய வரிசைக்கு எதிர் வரிசையில் பூட்ட வேண்டும். எஞ்சினிலிருந்து எடுத்த கறுத்த எண்ணெயைக் கிரீஸுக்குப் பதிலாக ஊற்றுவது வழக்கமாயிருப்பினும், அது விரைவில் வழிந்துபோய் உமியையும் தூசியையும் பிடித்துக் கொள்ளும்.

பின்னர்ப் பாரமின்றி, காலை முழுதும் இறக்கியும் ஏற்றியும் மூன்று முறை பார்க்க வேண்டும். ஒரே சீராக இயங்குமாயின், காலி டிரெய்லரின் முன்பாகத்தை ஜாக்கியினால் சிறிது உயர்த்தி, கட்டைகளை அகற்றாமல் அவற்றுக்குச் சற்று மேலே நிறுத்தி, முன்தண்டுக்கும் கட்டைக்கும் உள்ள இடைவெளியை அளந்து கொள்ள வேண்டும். அரை மணி நேரம் கழித்து மீண்டும் அளந்தால், இடைவெளி குறையாதிருத்தல் வேண்டும். குறைந்திருந்தால், அடித்தரை அமுங்கியதா, ஜாக்கி இறங்கியதா என்று விசாரித்து, பின்னது உண்மையாயின் மீண்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். இச்சோதனையில் தேறிய பிறகே பாரம் ஏற்றலாம்.

கத்தரி ஜாக்கிகள்

அமெரிக்கா முதலிய தேசங்களில், டிராக்டர் டிரெய்லர் போன்றே மோட்டார் வாகனத்தின் பின்னே இழுத்துச் செல்லும் சிறு வீடுகள் உண்டு. பிரயாணிகள் அவற்றை ஓரிடத்தில் நிறுத்தியதும், உள்ளே நடக்கும்போது வீடு ஆடாதிருக்க நான்கு மூலைகளிலும் கத்தரி வடிவமான ஜாக்கிகளை இறக்குகிறார்கள். இவை அசைவைத் தடுப்பதற்கு மட்டுமே ஏற்பட்டவை. வண்டியை இவற்றால் தூக்கினால் திருகு வளைந்து கைப்பிடி இறுகிப் போகிறது. நம் நாட்டில் சக்கரம் மாற்றுவதற்கு உபயோகிக்கும் கத்தரி ஜாக்கியும் அமைப்பில் இதைப் போன்றதே.

இவ்வகையில் அடிக்கடி கெடுவது திருகின் ஆறுபட்டைத் தலை. அளவு பொருந்தாத கைப்பிடிக் குவளையினால் சுழற்றச் சுழற்ற, பட்டைகள் மழுங்கி உருண்டையாகி, குவளை நழுவி, சுழற்றுகிறவரின் விரல் முட்டிகள் இரும்பில் அடிபடுகின்றன. பட்டைகள் சிறிதே மழுங்கியிருந்தால், அரத்தினால் சமமாக அராவி, அடுத்த சிறிய அளவுக் குவளையைப் பொருத்தலாம். முழுதும் மழுங்கினால் திருகை மாற்றுவதே முறை. மின்சாரத் துளைப்பான் கொண்டு சுழற்றுவோர், கால் தரையைத் தொடும் முன்பே அதை நிறுத்தி, எஞ்சியதைக் கையினாலே சுழற்ற வேண்டும். யந்திரம் எல்லையை அறியாது. கைதான் கனத்தை உணரும்.

பழுது நேராமற் காத்தல்

ஜாக்கிகள் வளைவதற்கு முதற் காரணம், காலை முழுதும் ஏற்றாமல் டிராக்டரை நகர்த்துவதாகும். சில அங்குலம் தொங்கும் கால் வரப்பிலோ வாய்க்கால் கரையிலோ மோதினால் குழாய் வளைந்துவிடும். பூட்டியவுடன் காலை ஏற்றி, ஏற்றியதைக் கண்ணால் பார்த்து, அதன்பிறகே ஓட்டுநர் ஆசனத்தில் ஏறுவதை வழக்கமாக்கிக் கொள்ள வேண்டும்.

ஈரமண்ணில் நிறுத்தும்போது பாதத் தகட்டின் கீழ் ஒரு தடித்த பலகையை வைக்க வேண்டும். கால் மண்ணில் ஒருபுறம் புதைந்தால் குழாய் சாய்ந்து, மரை ஒரு பக்கமாகத் தேயும். பாரத்தோடு நெடுநேரம் நிறுத்த வேண்டியிருப்பின், ஜாக்கியோடு மரக்கட்டை முட்டும் கொடுத்தல் வேண்டும்.

ஆண்டில் இருமுறை, அறுவடைக்கு ஒரு மாதம் முன்னும் மழைக்காலம் முடிந்த பின்னும், ஜாக்கியைத் திறந்து கிரீஸ் இட வேண்டும். முளைகள் இரண்டை அளவு பார்த்து வாங்கி டிராக்டரின் சாமான் பெட்டியில் வைத்திருந்தால், பட்டறையைத் தேடி அலையும் அவசியம் நேராது.

கிராம அதிகாரிகளின் கவனத்திற்கு

ஊராட்சிகளின் தண்ணீர் டேங்கர், குப்பை டிரெய்லர் ஆகியவற்றையும், கூட்டுறவுச் சங்கங்கள் வாடகைக்கு விடும் டிரெய்லர்களையும் பலர் கையாளுகிறார்கள். பலர் கையாளும் பொருளின் பழுதை ஒருவரும் சொல்லுவதில்லை. ஆகையால் ஒவ்வொரு டிரெய்லருக்கும் ஒரு சிறு புத்தகம் வைத்து, முளை மாற்றிய தேதி, கிரீஸ் இட்ட தேதி, நட்டின் ஆட்டம் ஆகியவற்றைப் பதிவு செய்வித்தல் நலம். ஓராண்டில் முளை இரண்டாம் முறை முறிந்ததாகப் பதிவு காணப்படின், மூன்றாம் முளையை வாங்க அனுமதிக்கும் முன் ஜாக்கியைப் பிரித்துப் பார்க்கும்படி உத்தரவிட வேண்டும்.

தண்ணீர் டேங்கரில் தனிக் கவனம் தேவை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடையாதலால், 4,000 லிட்டர் டேங்கரில் தண்ணீர் மட்டுமே 4 டன். பாதியளவு நிரம்பிய டேங்கர் சிறிது முன்சாய்ந்தாலும் தண்ணீர் முன்னுக்கு ஓடி, ஜாக்கியின்மேல் பாரத்தை ஒரேயடியாகக் கூட்டும். ஆகவே தண்ணீரோடு உள்ள டேங்கரை டிராக்டரிலிருந்து கழற்றி ஜாக்கியை மட்டும் நம்பி நிறுத்தலாகாது. தெருவிலும் பள்ளிக்கூடத்து வாசலிலும் நிறுத்தும் டேங்கரைச் சுற்றிக் குழந்தைகள் விளையாடுவார்களென்பதை அதிகாரிகள் மறக்கலாகாது.

முடிவாக நினைவில் வைக்க வேண்டியவை இவை: கைப்பிடி கனத்தால் பலத்தைக் கூட்டாமல் காரணத்தைத் தேடுக. முளை முறிந்தால் அதே அளவு முளையையே இடுக. நட்டில் ஆட்டம் கண்டால் ஜாக்கியை ஒதுக்குக. பாரத்தின் கீழ் கை வைக்கும் முன் கட்டை கொடுக்க. இந்நான்கையும் அநுசரிப்போரின் டிரெய்லர் அறுவடை நாளில் களத்து மேட்டில் நின்றுபோகாது. அதைச் சுழற்றுகிறவரும் மாலையில் கை கால் நலத்தோடு வீடு திரும்புவார்.